பஞ்சா, பிளானலா, பழைய வொயில் சீலையா? பிள்ளைப் போர்வைக்கு நடுத்துணி

கூட்டாளிக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, பெட்டியில் துண்டுத்துணி குவிந்து கிடக்கிறது, ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைப்போம் என்றதும் எல்லோரும் நிறம் பொருத்தத்தான் தொடங்குகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் இடையே வைக்கிற நடுத்துணி. போர்வையின் பாரமும் சூடும், கழுவினால் எவ்வளவு நேரத்தில் காயும் என்பதும், எப்படித் தைக்கலாம் என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

இன்னொன்று. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை தூங்கும்போது இந்தப் போர்வையை மேலே போர்த்தக்கூடாது, பக்கத்தில் சுருட்டியும் வைக்கக்கூடாது. தளர்வான துணி முகத்தை மூடிவிடும். முழித்திருக்கிற பிள்ளையைப் பாயில் விளையாட விடவும் மடியில் வைத்திருக்கவும்தான் இது. அதற்குத் தடிப்பு தேவையில்லை.

பொலியெஸ்டர் பஞ்சுத்தாள், அதாவது தாள்போல விரித்த செயற்கைப் பஞ்சு, பாரமில்லாதது, நீரைப் பிடித்து வைக்காது. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மாரி பெய்கிற மட்டக்களப்பில், அம்பாறையின் கரையோரத்தில், இது பெரிய வசதி. ஆனால் வேர்வையை உறிஞ்சாது. சூடான, வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பிள்ளையின் முதுகு நனைந்துவிடும். மெல்லிய துணிக்குள் வைத்தால் கழுவக் கழுவ இழைகள் வெளியே முளைக்கும். சூடான அயனில் உருகும். இலவம்பஞ்சைத் தலையணையோடு விட்டுவிடுங்கள்: அதன் இழை வழுக்கும், நனைந்தால் கட்டியாகும்.

பிளானல் ஒரு அடுக்குப் போதும். பஞ்சுபோன்ற அதன் மேற்பரப்பு மற்றத் துணிகளைப் பிடித்துக்கொள்வதால் மெசினில் நழுவாது. அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கிற கோடுகளுக்கு இடையே 4 அங்குலம் விடலாம். ஆனால் நன்றாகச் சுருங்கும். வெட்டுமுன் வெந்நீரில் இரண்டு தடவை அலசிக் காயவைக்க வேண்டும். பெரும்பாலும் புதிதாக வாங்கவும் வேண்டிவரும்.

மெல்லிய பருத்தியான பழைய வொயில் சீலையை இரண்டு அடுக்காக வைப்பதுதான் இந்த ஊர் வெக்கைக்கு எங்கள் தெரிவு. பல வருடம் கழுவிச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிவிட்டது; காற்றுப் போகும், வேர்வையை எடுக்கும். ஐந்தரை யார் சீலையில் 40 அங்குல நீளத்தில் மூன்று துண்டு எடுத்தால் நடுவுக்கு இரண்டு, அடிப்பக்கத்துக்கு ஒன்று, மிச்சமும் இருக்கும். வெட்டுமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நட்சத்திரம்போல ஊசிப்புள்ளிகள் தெரிகிற இடத்தைத் தவிருங்கள். இரண்டு பெருவிரலாலும் இழுத்தால் இழை விலகுகிற துணி கழுவும்போதே கிழியும். இதன் குறை, மாரியில் பஞ்சுத்தாளைவிடக் காயத் தாமதமாகும். துணி காயப்போட விறாந்தை இல்லாத வீட்டுக்குப் பஞ்சுத்தாள் பரவாயில்லை. கூட்டாளி நுவரெலியாவிலோ கனடாவிலோ இருந்தால் தயங்காமல் பஞ்சுத்தாள்.

மேல்பக்கத்துக்குச் சதுரமா, நீளப்பட்டியா? துண்டுகள் சிறிதாக இருந்தால் சதுரம். 5 அங்குலமாக வெட்டி எல்லா ஓரத்திலும் கால் அங்குலம் உள்ளே தைத்தால் நாலரை. எட்டுக்கு எட்டு, 64 சதுரத்தில் 36 அங்குலப் போர்வை. மருதமுனைக் கைத்தறித் துண்டுகள் கலந்தால் எல்லாவற்றையும் ஐந்தரையாக வெட்டி அரை அங்குலம் உள்ளே தையுங்கள். கைத்தறியின் ஓரம் சீக்கிரம் பிரியும், கால் அங்குலம் தாங்காது. ஒவ்வொரு சதுரமும் அரைக்கால் அங்குலம் பிழைத்தால் எட்டாவது சதுரத்தில் ஒரு முழு அங்குலம் கோணிவிடும். அதனால் மட்டையில் வெட்டிய ஒரே அளவுகோலால் எல்லாவற்றையும் வெட்டுங்கள். பழைய சாரத் துண்டுகளுக்குப் பட்டி வேகமானது. ஒரே பக்கமிருந்து தைத்துக்கொண்டே போனால் வில்லாக வளையும், ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பருத்தியா என்று சந்தேகமான துணியில் நாலு நூலை உருவிக் கொளுத்துங்கள்: கடதாசி மணத்தோடு சாம்பலானால் பருத்தி, உருகி மணிபோல் உறைந்தால் பொலியெஸ்டர். கடுஞ்சிவப்பு, கருநீலத் துணிகளை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்கினால், தண்ணீர் தெளியும்வரை தனியே அலசுங்கள். நின்றபாடில்லையா, அந்தத் துண்டு வேண்டாம்.

அடுக்குகளை நிலத்தில் இழுத்து நாடாவால் ஒட்டி, நடுவிலிருந்து வெளியே 4 அங்குல இடைவெளியில் தற்காலிகமாகத் தைத்துக்கொள்ளுங்கள். வொயிலுக்குக் கைத்தையல்தான் அழகு: ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வரி நூலோடித்தையல். மெசினில் அழுத்தும் பாதம் மேல்துணியை முன்னே தள்ளுவதால் அடியில் சுருக்கம் விழும்; பாதத்தின் அழுத்தத் திருகைத் தளர்த்தி, தையல் நீளத்தை 3 மில்லிமீற்றராக்கி, எல்லா வரிகளையும் ஒரே திசையில் தையுங்கள். கம்பளி நூலால் முடிச்சுப் போடுவது சுலபம்தான், ஆனால் பிள்ளை அதைச் சப்பும், இழுக்கும். அதே காரணத்தால் பொத்தானும் மணியும் கூடாது.

ஓரத்துக்கு இரண்டரை அங்குல அகலப் பட்டி, மொத்த நீளம் 154 அங்குலம். இணைப்புகளைச் சாய்வாகத் தைத்தால் மூலையில் தடிக்காது. கொடுக்குமுன் ஒரு தடவை கழுவிக் காயவைத்து, நூல்முனைகளை வெட்டி, ஊசியோ குண்டூசியோ உள்ளே தங்கவில்லை என்று முழுப்பரப்பையும் கையால் தடவிப் பாருங்கள்.