ஜெராக்ஸ் எடுக்க முடியாத நோட்டு: மகனுக்கு வாங்கிய ரெக்கார்டிங் பேனா, எட்டு மாதத்துக்குப் பிறகு

சூளைமேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டு மெஷின், ஒரு கலர் பிரிண்டர், ஒரு ஸ்பைரல் பைண்டிங். செமஸ்டருக்கு முந்தின வாரம் கடை வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. வகுப்பில் ஒழுங்காக எழுதுகிற நாலு பிள்ளைகளின் நோட்டை வைத்து நாற்பது பேர் பாஸ் பண்ணுகிறார்கள். அந்த நாலுக்கும் நாற்பதுக்கும் நடுவில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் நான். நோட்ஸ் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று ஒரு நினைப்பு இருந்தது.

என் பெரியவன் பி.காம். இரண்டாம் வருஷம். வாயால் கேட்டால் கணக்கை மடமடவென்று சொல்வான். எழுதச் சொன்னால் கை ஓடாது. எழுதினாலும் அவனுக்கே அரை மணி நேரம் கழித்துப் படிக்க வராது. ஏழாவது படிக்கும்போதுதான் டிஸ்கிராஃபியா என்று சொன்னார்கள். அதுவரைக்கும் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர். அதிகம் சொன்னவன் நான்தான். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று, டிஸ்கிராஃபியா என்று பேர் போட்டே இருக்கிறது. அதனால் சான்றிதழ் கிடைத்தது. மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். சந்தோஷம். ஆனால் பரீட்சை வருஷத்தில் சில நாள். தினமும் ஐந்து பீரியட் போர்டில் எழுதி எழுதி அழிக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

முதலில் நம் கடை வைத்தியம். நன்றாக எழுதுகிற பிள்ளைகளின் நோட்டு வரும்போது அவர்களிடமே கேட்டு இவனுக்கும் ஒரு செட் போட்டேன். வாங்கி வைத்துக்கொண்டான். ஏறவில்லை. அடுத்தவர் நோட்ஸ் அடுத்தவர் செருப்பு மாதிரிதான் போல. கால் உள்ளே போகிறது, நடை வரவில்லை.

அடுத்தது ஃபோன். மேஜை மேல் வைத்து ரெக்கார்ட் போட்டுவிட்டால் ஆயிற்று என்று நினைத்தோம். ஒரு பீரியட் ஐம்பது நிமிஷம், நாளைக்கு ஐந்து. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பார்த்தால் கிட்டத்தட்ட இருபத்தொரு மணி நேர ஆடியோ சேர்ந்து கிடக்கிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் பதினாலு மணி நேரம். சனி ஞாயிறு முழுக்கக் காலேஜுக்கு இன்னொரு தரம் போன மாதிரி. இரண்டாம் வாரமே விட்டுவிட்டான்.

பிறகு ரிச்சி தெருவில் ஒரு வாய்ஸ் ரெக்கார்டர் வாங்கினேன். தீப்பெட்டி இரண்டை நீளவாக்கில் ஒட்டின மாதிரி இருக்கும். 4 ஜிபி. பதிவின் தரத்தை எம்பி3, 128 கேபிபிஎஸ் என்று வைத்தால் ஒரு பீரியட் 48 எம்பிதான் பிடிக்கும், மெமரி நிறைகிற பயமே இல்லை. சத்தம் ஃபோனைவிடத் தெளிவு. முக்கியமான இடம் வந்தால் அமுக்குவதற்கு ஒரு மார்க் பட்டன் இருக்கிறது, உருப்படியான விஷயம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ‘மார்க் 7’ என்று காட்டும். ஏழாவது எதற்கு அமுக்கினோம் என்பது அமுக்கினவனுக்கே மறந்துபோயிருக்கும். எழுதினது ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். இரண்டும் சேரவில்லை.

அப்போதுதான் சிங்கப்பூரில் இருக்கிற மச்சினன் இந்தப் பேனாவைப் பற்றிச் சொன்னான். அங்கே ஒருவர் உபயோகித்த பேனாவை ஒன்பதாயிரத்துக்கு வாங்கி வந்தான், கூடவே நாலு நோட்டு.

மார்க்கர் தடிமனில் ஒரு குண்டுப் பேனா. முனைக்குப் பக்கத்தில் குட்டிக் கேமரா. உள்ளே மைக், ஸ்பீக்கர், மெமரி. அதற்கென்று இருக்கிற நோட்டில்தான் வேலை செய்யும். பக்கத்தின் அடியில் ரெக்கார்ட், நிறுத்து, பின்னால் போ என்று குட்டிப் படங்கள் அச்சடித்திருக்கும். ரெக்கார்ட் படத்தைப் பேனாவால் தொட்டுவிட்டு நம் பாட்டுக்கு எழுத வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து, எழுதின வார்த்தை மேல் முனையை வைத்தால், அதை எழுதின நேரத்தில் வகுப்பில் என்ன பேச்சு ஓடியதோ அது பேனாவிலிருந்தே கேட்கும். முதல் நாள் என் அம்மா, “பேனா பேசுதுடா” என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

இது எப்படித் தெரிகிறது அதற்கு? சூட்சுமம் பேனாவில் பாதி, பேப்பரில் பாதி. நோட்டுப் பக்கம் லேசாகச் சாம்பல் அடித்த மாதிரி இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் பொடிப் பொடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலிருந்து மேலே, கீழே, இடது, வலது என்று ஏதாவது ஒரு பக்கம் மயிரிழை விலகி நிற்கிறது. அந்த விலகல்தான் முகவரி. கேமரா ஒரு துளி இடத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம், பக்கத்தில் எந்த மூலை என்று கண்டுபிடித்துவிடும். அனோட்டோ என்ற ஸ்வீடன் கம்பெனி கண்டுபிடித்த முறை. அதோடு சத்தத்தையும் சேர்த்து லைவ்ஸ்கிரைப் என்ற அமெரிக்கக் கம்பெனி 2008-இல் பேனாவாக விற்றது. எங்களுடையது எந்தக் கம்பெனி என்பது இருக்கட்டும். குறை சொல்லப்போகிறேன், பேர் எதற்கு.

நோட்டு விலை தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நோட்டுக் காசில் நம் ஊர் லாங் சைஸ் நோட்டு பத்து வாங்கலாம். ஜெராக்ஸ் கடைக்காரன் மகன் பேப்பருக்கு இவ்வளவு கொடுப்பதா? காலிப் பக்கம் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் கவிழ்த்து நூறு காப்பி போட்டேன். புள்ளியெல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு புகை படிந்த மாதிரி வந்தது. பேனா சீந்தவில்லை. டார்க்னஸைக் குறைத்தேன், கூட்டினேன், சைஸை 102 சதவீதம் வைத்துப் பார்த்தேன். ம்ஹும். பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது, அசல் பேப்பரில் புள்ளிகள் மட்டும்தான் கார்பன் மையாம். கோடுகளுக்கு வேறு மை, கேமராவின் கண்ணுக்கு அவை தெரியாது. என் மெஷினின் கறுப்பு டோனரிலும் கார்பன்தான்; கோடும் புள்ளியும் அதற்கு ஒன்றே. அப்படியே சுத்தமாக வந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நூறு காப்பிக்கும் ஒரே முகவரி. திங்கட்கிழமை எழுதினதன் மேலேயே செவ்வாய்க்கிழமை எழுதினதும் போய் உட்காரும். சில மாடல்களுக்கு நல்ல கலர் லேசர் இருந்தால் நாமே பக்கம் அடித்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது இங்க் டேங்க்.

ஆண்டர்சன் தெருவில் நான் வழக்கமாக ஏ4 பண்டல் எடுக்கிற இடத்திலும் கேட்டேன். “புள்ளி நோட்டா? இருக்கே” என்று எடுத்துப் போட்டார். கோலம் போடலாம், அவ்வளவு பெரிய புள்ளி.

சரி, பேனாவால் என்ன லாபம்? ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஷேர் ஃபோர்ஃபீச்சர் பாடம். பத்து ரூபாய் ஷேர் நூறு. கம்பெனி இதுவரை கேட்டது ஷேருக்கு எட்டு ரூபாய். ஒருத்தர் ஐந்து கட்டிவிட்டு மூன்றைக் கட்டவில்லை. ஷேரைப் பறிமுதல் செய்கிறார்கள். ஷேர் கேபிடலை எவ்வளவுக்கு டெபிட் பண்ணுவது? இவன் நோட்டில் 800 என்று எழுதி, வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தப் பக்கத்தில் மொத்தமே அவ்வளவுதான். நூறு ஷேர், பத்து ரூபாய், ஆயிரம்தானே என்று நான் கேட்டேன். அவனுக்கும் அதே சந்தேகம். 800 மேல் முனையை வைத்தான். மேடம் குரல் வந்தது: “கேக்காத ரெண்டு ரூபாய்க்கு அவர் எப்படிப்பா பாக்கிக்காரர் ஆவாரு? எட்டுதானே கேட்டிருக்கோம்? எட்டு இன்ட்டு நூறு.” பின்னால் யாரோ இருமுகிறார்கள். அவனே மிச்சத்தைச் சொன்னான்: கேபிடல் 800 டெபிட்; கிரெடிட்டில் ஃபோர்ஃபீச்சர் 500, கேட்டும் வராத பணம் 300. தேடினது பத்து செகண்ட்கூட இல்லை. ஃபோன் ரெக்கார்டிங்கில் இதே இடத்தைத் தேட ஒரு டீ ஆறிப்போகும்.

ஒரு சிக்கல் உண்டு. காதில் கேட்ட பிறகுதானே கை எழுதும்? இவன் கை இன்னும் தாமதம். வார்த்தை மேல் வைத்தால் மேடம் அதைத் தாண்டிப் போயிருப்பார். ‘பின்னால் போ’வை இரண்டு மூன்று தரம் தொட வேண்டியிருந்தது. அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மேடம் குரலை உயர்த்தினாலோ, “இதை நோட் பண்ணிக்கோங்க” என்றாலோ, உடனே ஓரத்தில் ஒரு நட்சத்திரம். வார்த்தை பிறகு. இப்போது அவன் நோட்டில் பாதி நட்சத்திரம்தான்.

குறைகளுக்கு வருகிறேன். மைக் பேனாவுக்குள்ளேயே இருப்பதால் எழுதுகிற கரக் கரக் சத்தமும் சேர்ந்து பதிவாகிறது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மேடம் ஹெலிகாப்டரில் இருந்து பாடம் எடுக்கிற மாதிரி இருக்கும். காலேஜ் ரயில் பாதையை ஒட்டி இருப்பதால் மின்சார ரயில் வேறு. இரண்டாம் வரிசை, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், ஃபேன் தலைக்கு மேல் இல்லாத இடம் என்று ஒன்றைப் பிடித்த பிறகுதான் சரியானது. சார்ஜ் ஒரு நாள் வகுப்புக்குத் தாங்கும். ராத்திரி போட மறந்தால் மறுநாள் அது வெறும் கனமான பேனா. ரீஃபில் தனி சைஸ். அது தீர்ந்தபோது இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷனரிக் கடையிலும் இல்லை. இப்போது ஆன்லைனில் பத்தாக வாங்கி வைத்திருக்கிறேன்.

பேச்சை எழுத்தாக்கும் செயலி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேட்டுவிட்டுப் போட்டுப் பார்த்தோம். “டெபிட் பண்ணிட்டு அந்த அமவுண்ட்ட கேரி பண்ணுங்க” என்று நம் வகுப்புகளில் ஓடுகிற பாஷை தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. தமிழ் என்று வைத்தால் இங்கிலீஷ் சிதைந்தது, இங்கிலீஷ் என்று வைத்தால் தமிழ் சிதைந்தது. வந்ததைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை நான் பின்னால் செய்தேன்: அனுமதி. பாடம் எடுக்கிறவர்களில் மூன்று பேர் உடனே சரி என்றார்கள். ஒரு சார் மட்டும், “நாளைக்கு என் கிளாஸ் வாட்ஸ்அப்ல சுத்தாதுன்னு என்ன நிச்சயம்?” என்றார். நியாயமான கேள்வி. நான்கூட என் கடைக்குள் யாராவது ரெக்கார்ட் போட்டால் சும்மா இருப்பேனா? பதிவை யாருக்கும் அனுப்ப மாட்டோம், அவர் கை காட்டினால் நிறுத்திவிடுவான், செமஸ்டர் முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் சந்தேகம் கேட்டுத் திட்டு வாங்குவதும் அதில் விழுகிறதே, அதற்காகவும்தான். முதல் இரண்டு வாரம் அடிக்கடி கை காட்டினார். இப்போது மறந்துவிட்டார்.

யார் வாங்கலாம்? நன்றாக எழுதுகிற பிள்ளைக்கு இது வீண் செலவு. காது கூர்மை, கை மட்டும் மக்கர் என்கிற பிள்ளைக்கு வாங்கலாம். நோட்டு விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் மார்க் பட்டன் உள்ள ரெக்கார்டர் போதும். மார்க் அமுக்கும்போதெல்லாம் சாதாரண நோட்டில் அதே நம்பரைப் போட்டு ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். பேனா செய்கிறதில் முக்கால்வாசி கிடைத்துவிடும். இந்த யோசனை எனக்கு வந்தபோது ஒன்பதாயிரம் போயிருந்தது.

போன செமஸ்டருக்கு முந்தின வாரம் அவன் வகுப்புப் பெண் ஒருத்தி அவனிடமே நோட்டை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். வகுப்பில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறானே, அவன் நோட்ஸ் எப்படி இருக்கும் என்று ஆசை. முப்பது பக்கம் போட்டுக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். நட்சத்திரம், கேள்விக்குறி, அங்கங்கே ஒரு எண், பின்னால் புகை மாதிரி புள்ளி.

“அங்கிள், இதுல ஒண்ணுமே இல்லையே?”

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு நோட்டின் மாஸ்டர் காப்பியை எடுத்து மெஷினில் வைத்தேன்.