வாட்டம் அருமை, புல் ஆறாத வலி: தோட்ட வடிவமைப்பாளரை அமர்த்திய அனுபவம்

சென்னை மடிப்பாக்கத்தில் தெருவில் தண்ணீர் நிற்காத ஐப்பசியை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர் இது. எங்கள் மனையில் மண் என்று இருந்தது இறுகிய களி. அதன் மேல் கட்டடக்காரர் கொட்டிவிட்டுப் போன செங்கல் துண்டுகளும் சிமெண்டுக் கட்டிகளும். ஒன்றேகால் கிரவுண்டில் வீடு போக மிஞ்சிய இடத்தைத் தோட்டமாக்கித் தரச் சொல்லி 2018இல் ஒரு வடிவமைப்பாளரை அமர்த்தினோம். வரைபடத்துக்குத் தனிக் கட்டணம், வேலைக்குத் தனிக் கட்டணம். இத்தனை ஆண்டு அந்தத் தோட்டத்தில் புழங்கிய பிறகு எழுதுகிறேன்.

அவர் செய்த முதல் வேலை எங்களுக்குப் புரியவே இல்லை. செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவலை எடுத்துக்கொண்டு மனை முழுக்க மட்டம் பார்த்தார். மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய்கள் எங்கே இறங்குகின்றன, தெருவின் மட்டம் நம் வாசலைவிட எவ்வளவு உயரம், கழிவுநீர்த் தொட்டி எங்கே என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். கட்டட இடிபாட்டை ஒன்றரை அடி ஆழத்துக்கு வாரி வெளியே கொட்டச் சொன்னார். அதற்கான லாரிக் கூலியைப் பார்த்து என் கணவர் முகம் சுருங்கினாலும் அவர் அசையவில்லை. செம்மண்ணும் மக்கிய எருவும் தென்னைநார்க் கழிவும் கலந்து நிரப்பினார். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு, கொடுத்து, கிழக்கு மதிலோரம் நீளவாக்கில் ஒரு தாழ்வான பாத்தி எடுத்தார். அதில் கல்வாழையும் வெட்டிவேரும். பாத்தியின் முடிவில், களிமண் அடுக்கைத் தாண்டி இறங்கும் ஆழத்துக்கு உறைகள் இறக்கிய ஒரு மழைநீர்க் கிணறு.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது 2003இல். எங்கள் வீட்டிலும் அதன் பேரில் ஒரு குழி இருந்தது. ஜல்லி போட்டு மூடிய அந்தக் குழி வண்டல் படிந்து அடைத்துப் போய், மழை வந்தால் தண்ணீரை உறிஞ்சாமல் மேலே கக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தோண்டிக் காட்டி, "இது சட்டத்துக்காக வைத்தது, தண்ணீருக்காக வைத்தது இல்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. இன்றைக்கும் அது குறையவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் தெருவும் தப்பவில்லை. தண்ணீர் வாசற்படி வரை வந்தது. ஆனால் தெருவில் வடியத் தொடங்கிய மறுநாளே எங்கள் தோட்டத்து மண் கால் வைக்கும்படி ஆகிவிட்டது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் முருங்கையும் பப்பாளியும் வேர் அழுகி மஞ்சளாகிச் சாய்ந்தன. எங்கள் பாத்தியில் கல்வாழை அந்த வாரமே பூத்தது. தண்ணீர் எங்கே போகவேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்த ஒருவரின் வேலை அது. நானாகச் செடி வாங்கி வைத்திருந்தால் இது ஒருநாளும் நடந்திருக்காது.

மரங்களிலும் குறை சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை குல்மொகரையும் பெருங்கொன்றையையும் சாய்த்தது என்று நினைவிருப்பவர்களுக்கு அவர் தேர்வு புரியும். அந்த இரண்டையும் தொடவே மாட்டேன் என்று மகிழமும் புன்னையும் வைத்தார். காலையில் மகிழம்பூவைப் பொறுக்கி மாமியார் தொடுக்கிறார். காய்ந்த பிறகும் மணக்கிறது.

இப்போது புல்லுக்கு வருகிறேன்.

வீட்டின் வடக்குப் பக்கம் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு நீளமான இடம். அவர் வந்து பார்த்தது ஜூன் மாதம். அந்த இடத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பார்த்தவுடன் "இதுதான் உங்கள் புல்வெளி" என்று முடிவு செய்துவிட்டார். அருகில் நின்ற என் மாமியார் அப்போதே சொன்னார்: "மார்கழியில் இந்தப் பக்கம் துணி காயாது, தம்பி." அவர் சிரித்துக்கொண்டே, "நிழலைத் தாங்கும் ரகம் இருக்கிறது, அம்மா" என்றார். வரைபடத்தில் கொரியன் புல் ஏறிவிட்டது. கொரியன் புல்லுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும் என்பது நர்சரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பையனுக்குக்கூடத் தெரியும்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சென்னை இருப்பது வடக்கு அட்சரேகை 13 டிகிரியில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அதனால் கத்திரி வெயிலில் தெற்குச் சுவருக்குக் கிடைக்காத வெயில் வடக்குப் பக்கத்துக்குக் கிடைக்கிறது. மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே. டிசம்பர் நடுவில், 23 அடி உயரமுள்ள ஒரு மாடி வீட்டின் நிழல் நண்பகலிலேயே ஏறக்குறைய 17 அடி வடக்கே விழும். பன்னிரண்டு அடி இடம் முழுக்க அந்த நிழலுக்குள் மூழ்கிவிடும். எங்கள் வீட்டுக் கணக்கில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை அங்கே நண்பகலிலும் வெயில் கிடையாது. அதே மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் பனியும். ஈரம் காயாமல், வெயில் படாமல் புல் என்ன செய்யும்? வட்ட வட்டமாகப் பழுப்பேறி, அடியில் கொழகொழத்து, தையில் கையால் இழுத்தாலே பாயைப் போல் உரிந்து வருகிறது. பிறகு புதிய பாளங்கள் வாங்கிப் பதிக்கிறோம். மே மாதம் அதே இடம் காய்ந்து கருகுகிறது.

கொரியனை எடுத்துவிட்டு பஃபலோ புல் போட்டோம். அது நிழலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. மழைக்காலப் பூஞ்சைக்கு அதுவும் தப்பவில்லை. தொலைபேசியில் அழைத்தால் "உரம் போடுங்கள், மருந்து தெளியுங்கள்" என்ற பதில் வரும். வெயிலுக்கு என்ன மருந்து?

2019 கோடையை மறக்க முடியவில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. தெருவே குடங்களோடு தண்ணீர் லாரிக்கு நின்றது. அந்த நேரத்தில் வரைபடத்தில் அழகாக இருந்த ஒரு பச்சைக் கட்டத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். நாங்கள் ஊற்றவில்லை. மகிழத்துக்கும் புன்னைக்கும் மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீரை எடுத்து ஊற்றினோம். தண்ணீரை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட ஒரு மனிதர், இந்த ஊரில் புல்வெளி என்னும் ஆசைக்கு எப்படி இடம் கொடுத்தார் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் இந்தக் கோபம் வந்திருக்காது.

இன்னொன்று. வடிவமைப்பாளரின் ஆட்கள் செடிகளை நெருக்கி நட்டார்கள். ஹெலிகோனியா ஓர் அடிக்கு ஒன்று, அரிகா பனை இரண்டடிக்கு ஒன்று. வேலை முடிந்த நாளில் புகைப்படம் எடுக்க அப்படியே காடு போல் இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டு பாதியைத் தோண்டி எறிய வேண்டியதாயிற்று. செடிகள் அவர்கள் கைகாட்டிய நர்சரியிலிருந்தே வந்தன. வடிவமைப்பு இலவசம் என்று சொல்லும் நர்சரிகளிடம் இது இன்னும் மோசம். அங்கே வரைபடத்தின் விலை செடிகளின் எண்ணிக்கையில்தான் ஒளிந்திருக்கும்.

எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, மேடவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் தோழி ஒருத்தி தனக்கும் ஆள் தேவையா என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். 'தோட்ட வடிவமைப்பாளர்' என்று அட்டை அடித்துக்கொள்ள எதுவும் வேண்டாம். அதனால் அட்டையையும் படத்தொகுப்பையும் பார்க்காதே. அவர் மூன்று ஆண்டுக்கு முன் செய்த தோட்டம் ஒன்றைக் காட்டச் சொல், அதுவும் டிசம்பரில். வளர்ந்த மரம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரிய செம்மொழிப் பூங்காவுக்கோ அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்கோ ஒரு காலை போய் வா. ஆடியில் மனையைப் பார்த்தவரை மார்கழியிலும் ஒருமுறை வந்து பார்க்கும்படி ஒப்பந்தத்தில் எழுது. மட்டம் பார்க்கும் வேலைக்கும் செடி வாங்கும் வேலைக்கும் ஒரே ஆளிடம் பணம் கொடுக்காதே.

வாரம் ஒருமுறை வரும் எங்கள் தோட்டக்காரர் முதல் ஆண்டிலேயே சொன்னார்: "இந்த இடத்தில் ஜல்லி பரப்பிவிடுங்கள், அம்மா. தண்ணீர் கீழே இறங்கும். செடியைத் தொட்டியில் வைத்தால் வெயில் போகிற பக்கம் நகர்த்திக்கொள்ளலாம்." இந்தத் தையில் புல்லை வேரோடு எடுத்தாயிற்று. அவர் சொன்னபடிதான் செய்யப்போகிறோம். அவருடைய மாதச் சம்பளம், வடிவமைப்பாளர் எங்களிடம் ஒரு முறை வந்து பார்ப்பதற்கு வாங்கிய தொகையைவிடக் குறைவு.

வாட்டத்துக்காக வடிவமைப்பாளருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாயைக்கூட நான் வீண் என்று சொல்லமாட்டேன்; வெள்ளம் வந்த ஆண்டே அது திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அவரை மறுபடி அமர்த்தமாட்டேன், யாருக்கும் சிபாரிசு செய்யவும் மாட்டேன். வீட்டிலேயே வாழ்ந்து வெயிலைப் பார்த்த ஒரு மூத்த பெண் சொன்னதைச் சிரித்துத் தள்ளியவர் அவர். தோழி எண் கேட்டபோது, அந்த வாட்டத்தைத் தன் கையால் எடுத்த மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்தேன்.