ஏஜிஏ கந்தோர் காணிக் கிளை: 5க்கு 3, அதுவும் அந்த அக்காவுக்காக

வன்னியில ஒரு பிரதேச செயலகம், பேர் சொல்லேல்ல, திரும்பவும் அங்கதானே போகோணும். 1992 சட்டத்தோட ஏஜிஏமார், அதான் உதவி அரசாங்க அதிபர்மார், பிரதேச செயலாளர் ஆகீட்டினம், ஆனா எங்கட சனத்துக்கு அது இன்னும் ஏஜிஏ கந்தோர்தான்.

போன வருசம் அம்மா செத்தாப்பிறகு அவான்ர பெர்மிட் காணியை (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி) என்ர பேருக்கு மாத்த நாலு தரம் ஏறி இறங்கினன். அப்பா முந்தியே இல்லை, நான்தான் மூத்தது. முதல் தரம் இருந்த பொடியன் பைலைத் திறக்கவேயில்லை, "அம்மா பின்னுரித்து (தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு) எழுதி வைக்கேல்லையோ, அப்ப ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான்" எண்டான். என்ர தம்பி கனடாவில, இஞ்ச வாறதே இல்லை. 1935இல வெள்ளைக்காரன் போட்ட காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில அப்பிடித்தான் கிடந்தது, சரி, ஆனா 2022இல பாராளுமன்றம் திருத்தி ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்துப்போட்டுதே எண்டு கேட்டன், "எங்களுக்கு சுற்றுநிருபம் வரோணும் அக்கா" எண்டான். ரெண்டாம் தரமும் அதே கதை. எம்பிமார் கையை உயர்த்தினா சட்டம் வந்திடும் எண்டு நினைச்சிருந்தன், அது பிறகு பத்தரமுல்லையில காணி ஆணையாளர் நாயகத்தின்ர கந்தோரில ஆரோ ஒரு அதிகாரி கையால கடிதமாகி, இஞ்ச வந்து இந்தப் பொடியன் எப்பிடி வாசிக்கிறானோ அதுதான் எங்களுக்குச் சட்டம், அவனை நாங்கள் வோட்டுப் போட்டும் அனுப்பேல்லை.

மூண்டாம் தரம் போனா அவன் லீவு, அந்தக் கதிரையில ஒரு வயசான அக்கா. பெர்மிட்டைக் கையில வாங்கினா. இடம்பெயரேக்க அம்மா சொப்பிங் பையில சுத்தி இடுப்பில கட்டிக் கொண்டு திரிஞ்சது, மடிப்பெல்லாம் கிழிஞ்சு மை ஊறிப்போச்சு. பழைய லெட்ஜரை எடுத்து விரலால ஒவ்வொரு வரியாத் தடவிக்கொண்டு போய் அம்மான்ர பேரைப் பிடிச்சா, எழுத்துப் பிழையோட இருந்தது. பிறகு லாச்சியைத் திறந்து திருத்தச் சட்டத்தின்ர கொப்பியை எடுத்து மேசையில வைச்சா. அதே லாச்சி!

நாலாம் தரம் விண்ணப்பம் பாரமெடுத்திட்டினம், இனி ஜிஎஸ், அதான் கிராம சேவகர், அவற்ற அறிக்கை வரோணும்.

போறாக்கள் புதன்கிழமை வெள்ளனப் போங்கோ. ஏலாது எண்டு சொன்னா எழுதித் தரச் சொல்லுங்கோ, தராட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில ஒரு கடிதம் குடுங்கோ, 14 வேலைநாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லோணும். கதிரை ஆறுதான் கிடக்கு, வெளியில வேப்பமரத்துக்குக் கீழ நிண்டாலும் கூப்பிடுற சத்தம் கேக்கும்.