சுடாத குக்கி மாவு: பீநட் பட்டரா, காட்டேஜ் சீஸா, கொண்டைக்கடலையா?

சுடாமல் அப்படியே கரண்டியால் அள்ளித் தின்கிற குக்கி மாவுக்குச் செய்முறைப் பஞ்சமே இல்லை. எல்லாமே 'புரதம் அதிகம், கார்ப் குறைவு' என்றுதான் தொடங்கும். பொருள் பட்டியலுக்கு வந்தால் பேரீச்சம்பழம், ஓட்ஸ், தேன் என்று போகும், இது எந்தக் கணக்கில் கார்ப் குறைவு என்று கேட்கத் தோன்றும். பேரீச்சையில் நூறு கிராமுக்கு 75 கிராம் மாவுச்சத்து, தேனில் 80-க்கும் மேல். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் போட்டி மூன்று வகைக்குள்தான். பாதாம் மாவையும் பீநட் பட்டரையும் பிசைவது ஒன்று, காட்டேஜ் சீஸை (பன்னீர் அல்ல, சின்னச் சின்னக் கட்டிகளோடு ஈரமாக இருக்கும் சீஸ்) அரைத்து அதில் கெட்டிப்படுத்துவது ஒன்று, வேகவைத்த கொண்டைக்கடலையை அரைப்பது ஒன்று. மூன்றிலும் 30 கிராம் புரோட்டீன் பவுடர் பொது. இரண்டு பேருக்கான அளவாக வைத்துத் தோராயமாகக் கணக்குப் போடுகிறேன், பிராண்டைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

அதற்கு முன்னால், கோதுமை மாவு ஏன் இந்தப் போட்டியிலேயே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். முட்டையை விட்டுவிட்டால் சாதாரண குக்கி மாவைப் பச்சையாகத் தின்னலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பச்சை மாவும் ஆபத்துதான், ஏனென்றால் வயலிலிருந்து வருகிற தானியம் பெரும்பாலும் கிருமியைக் கொல்லும் எந்தக் கட்டத்தையும் தாண்டாமலே மாவாகிவிடுகிறது. 2016-ல் அமெரிக்காவில் ஈ.கோலை தொற்று பரவியபோது அதற்கு மாவே காரணம் என்று கண்டுபிடித்து, லட்சக்கணக்கான கிலோவைத் திரும்பப் பெற்றார்கள். வீட்டிலேயே மாவை வறுத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்ற யோசனையையும் அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் வேண்டாம் என்கிறது. ஓட்ஸ் மாவுக்கு வேறு சிக்கல், நூறு கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஆக அதுவும் வெளியே.

பாதாம் மாவு + பீநட் பட்டர்

40 கிராம் பாதாம் மாவு, 30 கிராம் பீநட் பட்டர், 30 கிராம் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்), பிசைவதற்கு இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரை சேர்க்காத பாதாம் பால். மொத்தமாக 40 கிராம் புரதம், நார்ச்சத்தைக் கழித்தால் 9 கிராம் கார்ப், 520 கலோரி. ஆளுக்குப் பாதி.

வாயில் வைத்தால் உண்மையான குக்கி மாவுக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான், அதில் சந்தேகமே இல்லை. காரணம் கொழுப்பு. வெண்ணெய் போட்ட மாவு நாக்கில் எப்படி உருகுகிறதோ அதே வேலையைக் கடலையின் எண்ணெய் செய்கிறது, பாதாமின் லேசான கரகரப்பு கரையாத சர்க்கரைக்கு ஈடாக நிற்கிறது. ஆனால் 520 கலோரிக்குக் கையில் கிடைப்பது ஒரு சின்னக் கிண்ணம்தான். பசியோடு உட்கார்ந்தால் இரண்டு பேர் பங்கை ஒரே ஆள் முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார். பீநட் பட்டரைப் புரத உணவு என்று சொல்வது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும், நூறு கிராமில் 25 கிராம் புரதம் இருப்பது சரி, கொழுப்பு 50 கிராம் இருப்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்!

கடலையின் வாசம் தூக்கலாக வேண்டாம் என்றால் முந்திரி பட்டர் மாற்றாக வரும், வெனிலா அதில் நன்றாக எடுபடும், ஆனால் கார்ப் கொஞ்சம் கூடும். பாதாம் மாவுக்குப் பதில் தேங்காய் மாவு போடுகிறவர்கள் அதே அளவு போட்டுவிடக் கூடாது. அது ஈரத்தை அப்படி உறிஞ்சும், 40 கிராமுக்குப் பதில் 12 அல்லது 15 கிராம் போதும், போட்டுவிட்டு ஐந்து நிமிடம் விட்டுத்தான் பதம் பார்க்க வேண்டும்.

காட்டேஜ் சீஸ்

150 கிராம் காட்டேஜ் சீஸ், 30 கிராம் பாதாம் மாவு, 30 கிராம் புரோட்டீன் பவுடர். புரதம் 46, 47 கிராம். கார்ப் 10 கிராம் அளவு. கலோரி 430. மேலே சொன்னதைவிடப் புரதம் கூட, கலோரி குறைவு, கிடைக்கிற அளவோ ஒன்றரை மடங்குக்கும் மேல். எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

எண்கள் சொல்லாதது அரைப்பதில் இருக்கிறது. ஃபோர்க்கால் மசித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கட்டிகள் அப்படியே நிற்கும், இனிப்பு மாவில் பால் திரிந்துபோன உணர்வு வரும். மிக்ஸியில் ஒரு கட்டி இல்லாமல் வழவழப்பாக அரைக்க வேண்டும். அரைத்ததும் தண்ணியாகிவிட்டதே என்று பயந்து மாவை அள்ளிக் கொட்டாதீர்கள். பவுடரைப் போட்டுக் கலந்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். இன்னொன்று, காட்டேஜ் சீஸில் ஏற்கெனவே உப்பு இருக்கும், வழக்கமான சிட்டிகை உப்பை இங்கே விட்டுவிட வேண்டும்.

கிரீக் யோகர்ட்டும் இதே குடும்பம்தான். புரதம் கிட்டத்தட்ட அதே அளவு, நூறு கிராமுக்கு 10 கிராம் வரும். ஆனால் புளிப்பு போகாது. எலுமிச்சை வாசத்தில் ஏதாவது செய்வதென்றால் அது பொருத்தம், சாக்லேட் சிப் குக்கி மாவுக்கு இல்லை.

கொண்டைக்கடலை

இதை வேகமாக முடித்துவிடலாம். 150 கிராம் வெந்த கடலை, 30 கிராம் பீநட் பட்டர், 30 கிராம் பவுடர். புரதம் 45 கிராம் வரும், நல்ல அளவுதான். கார்ப், நார்ச்சத்தைக் கழித்த பிறகும், 35 கிராமைத் தொடும். ஆளுக்கு 17. மற்ற இரண்டோடு பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல். நார்ச்சத்து நிறைய, வயிறு நிறையும், பால் பொருளும் பாதாமும் ஆகாதவர்களுக்கு, பவுடரும் பாலிலிருந்து வராததாக இருந்தால், நல்ல வழி, எல்லாம் சரி. ஆனால் கார்ப் குறைவு என்ற பெயரில் இதைக் கொடுப்பது நியாயமில்லை. செய்பவர்கள் தோலை உரித்துவிட்டு அரையுங்கள், சலிப்பான வேலைதான், ஆனால் மாவின் மிருதுவே அதில்தான் இருக்கிறது. வேகவைக்காத கடலை மாவை இதற்குப் போடக் கூடாது, கோதுமை மாவுக்குச் சொன்னதுதான் அதற்கும்.

எந்தப் பவுடர்

பலர் பவுடரில் சுவையை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். இந்த இனிப்பில் அதைவிட முக்கியம் அது ஈரத்தை எப்படி நடத்துகிறது என்பது. பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மீதி வே. இரண்டும் ஒரே பாலிலிருந்து வந்தாலும் கிண்ணத்தில் நேர்மாறாக நடந்துகொள்ளும். வே சட்டென்று கரையும், ஒரு ஸ்பூன் பால் கூடிப்போனால் மாவு பசையாகி விரலில் ஒட்டும், இன்னொரு ஸ்பூன் போனால் தோசை மாவுதான். கேசீன் ஈரத்தை இழுத்து ஊதிக் கெட்டியாகும், காட்டேஜ் சீஸோடு அது பிரமாதமாகச் சேரும், பீநட் பட்டரோடு தனியாகப் போட்டால் வறண்டு தொண்டையில் நிற்கும். ஆகவே சீஸ் வகைக்குக் கேசீன், பீநட் பட்டர் வகைக்கு வே, இரண்டும் கலந்த பவுடர் கையில் இருந்தால் எதற்கும் ஆகும்.

பட்டாணிப் புரதம் கெட்டியாக்குவதில் கேசீனுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை, ஆனால் மண் வாசம் ஒன்று உண்டு, அதை வெனிலாவால் மறைக்க முடியாது, கோகோ பவுடர் வேண்டும். விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கொலாஜன் புரதத்தை இதில் கணக்கில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் டிரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே கிடையாது, மாவுக்குத் திடமும் தராது. டப்பாவில் எழுதியிருக்கும் எண் கூடும் என்பதைத் தவிர இந்த மாவில் அதற்கு வேலை இல்லை.

இனிப்பு

சுடுகிற குக்கியில் தப்பிக்கிற தவறெல்லாம் இங்கே மாட்டிக்கொள்ளும், கரைப்பதற்குச் சூடு இல்லையே. சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற எரித்ரிட்டாலைக் குருணையாகப் போட்டால் மணல் மாதிரி பல்லில் அரைபடும், பொடித்துத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் புதினா தின்றது போல நாக்கில் ஒரு குளிர்ச்சி வரும், சிலருக்கு அது பெரிதாகத் தெரியாது, எனக்குத் தெரியும். அதன் இனிப்பு சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்குதான். ரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு கூடுதலாக இருப்பதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரிவதாக 2023-ல் ஓர் ஆய்வு வந்தது, அதனால்தான் நோய் வருகிறது என்று அது நிரூபிக்கவில்லை. அல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரை மாற்று எளிதாகக் கரையும், மீண்டும் படிகமாகாது, குளிர்ச்சியும் இல்லை. கிடைக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஸ்டீவியா மட்டும் தனியாக என்றால் துளிக் கணக்கில் போட வேண்டும், கூடினால் கசக்கும். சைலிட்டால் போட்டால் வீட்டில் நாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு அது விஷம்.

குக்கி மாவின் அந்தப் பழுப்புச் சர்க்கரை வாசம் வேண்டுமென்றால் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) அரை டீஸ்பூன் மொத்தக் கலவைக்கும் விட்டால் போதும். கூடுவது இரண்டரை கிராம் கார்ப், ஆளுக்கு ஒன்றே கால், கிடைக்கிற வாசத்துக்கு அது மலிவு.

சாக்லேட்டில் 'சர்க்கரை இல்லை' என்ற எழுத்தை நம்பாமல் பின்பக்கம் மால்டிட்டால் என்ற சர்க்கரை மாற்று இருக்கிறதா என்று பாருங்கள். அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அதிகமானால் வயிற்றையும் கலக்கும். 85 சதவீத டார்க் சாக்லேட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போடுவது இதைவிட மேல்.

இரவே செய்து வைத்து வாரம் முழுக்க எடுத்துத் தின்பவர் என்றால் பீநட் பட்டர் வகைதான் சரி, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், உருண்டையாக ஃபிரீசரில் வைத்தாலும் ஐந்து நிமிடத்தில் மிருதுவாகும். ஆனால் பவுடர் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருப்பதால் மறுநாள் இறுகும், செய்யும்போதே கொஞ்சம் தளர்வாக விட்டுவிடுங்கள். அன்றைக்கே தின்பதற்கும், பெரிய கிண்ணம் வேண்டும் என்பவர்களுக்கும் காட்டேஜ் சீஸ். நான் செய்வது பெரும்பாலும் அதைத்தான், ஒரு ஸ்பூன் பீநட் பட்டரை மேலே போட்டு. அதை மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், ஃபிரீசர் பக்கமே கொண்டுபோக வேண்டாம், ஐஸ் துகள் கட்டி உருகும்போது தண்ணீர் விட்டுவிடும்.