தேய்ப்புக் கரண்டி: கார்பன் எஃகா, எவர்சில்வரா?

பூச்சு வேலைக்கு, அதாவது சுவர்ப் பூச்சை இழுத்து வழுவழுப்பாக்க, தட்டைத் தகடு வைத்த தேய்ப்புக் கரண்டி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “துருப் பிடிக்குமா?” என்பதுதான். கார்பன் எஃகு பிடிக்கும், எவர்சில்வர் லேசில் பிடிக்காது. இந்தப் பதிலைக் கேட்டதுமே பாதிப் பேர் எவர்சில்வரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு அன்றாட வேலைக்குக் கார்பனையே வைத்துக்கொண்டேன். அதற்குத் துரு காரணமே இல்லை. தகட்டின் விளிம்பு கெட்டுப்போனால் எதை மறுபடியும் சரிசெய்ய முடிகிறது என்பதுதான் காரணம்.

மற்ற விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எடையிலும் வளைந்து கொடுப்பதிலும் உள்ள வித்தியாசம் உலோகத்தைவிடத் தகட்டின் கனத்தைப் பொறுத்தது. கைப்பிடி மரமா, கார்க்கா, ரப்பரா என்பது அவரவர் உள்ளங்கை சொல்லும். பளபளப்பைப் பார்த்து யாரும் கரண்டி வாங்க வேண்டாம், முதல் வாரத்திலேயே இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

துருவைப் பற்றி முதலில் ஒரு விஷயம். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது காற்றுப் பட்டதும் மேலே ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலமாகிவிடும். கீறினாலும் படலம் தானே மறுபடி உண்டாகும். கார்பன் எஃகுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் சிமெண்ட் கலவையில் வேலை செய்யும்போது கார்பன் கரண்டி துருப் பிடிக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் கடுங்காரம், அவற்றின் பிஎச் 12-க்கு மேல். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறாமல் இருப்பதும் இந்தக் காரத்தால்தான். ஆக, கரண்டி கெடுவது வேலை நேரத்தில் இல்லை, கழுவிய பிறகு. காரத்தைக் கழுவிவிட்டு நல்ல தண்ணீரின் ஈரத்தை மட்டும் தகட்டில் விட்டு வைக்கிறோம், அப்புறம் இரவில் துரு வருகிறது. கழுவாமல் விடச் சொல்லவில்லை, கழுவியவர் துடைக்கவும் வேண்டும் என்கிறேன். ஜிப்சம் வேறு கதை. அதில் இந்தக் காரக் காவல் கிடையாது, அதனால் மதிய இடைவேளைக்குள்ளேயே பழுப்பு நிறம் எட்டிப் பார்க்கும்.

இனி விளிம்பு.

புதுக் கரண்டி எதுவாக இருந்தாலும் விளிம்பு சதுரமாகவும் மூலைகள் கூராகவும் இருக்கும். அப்படியே கடைசிப் பூச்சில் வைத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோடு விழும். அதனால் புதுசை முதலில் மணல் கலந்த அடிப்பூச்சில் போட்டுப் பழக்குவார்கள். மணலே தகட்டைத் தேய்த்து விளிம்பை மழுக்கி, மூலைகளை உருட்டிவிடும். கார்பன் இதற்குச் சீக்கிரம் இணங்கும். எவர்சில்வர் மெதுவாகத்தான் வழிக்கு வரும். அதைக் குறை என்று சொல்ல முடியாது, மெதுவாகத் தேய்வது நல்லதுதானே என்று கேட்கலாம். தேய்மானம் சீராக இருந்தால் நல்லதுதான். ஆனால் அது சீராக இருப்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரு பக்கமாகத்தான் அழுத்துவார்கள். வலது கைக்காரர் மேல்நோக்கி இழுக்கும்போது எந்த விரலுக்குக் கீழே அழுத்தம் விழுகிறதோ அந்த இடம் அதிகம் தேய்ந்து, நாளடைவில் விளிம்பு நேராக இல்லாமல் மெல்ல அலையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. சுவரில்தான் தெரியும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் வரி வரியாக நிழல் விழும்.

இதைக் கண்டுபிடிக்கத் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று போதும். விளிம்பைக் கண்ணாடி மேல் நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடம்தான் பள்ளம். சரிசெய்வதும் அதே கண்ணாடி மேல்தான். 220 எண் வாட்டர் பேப்பரை (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து அதில் ஒட்டி, தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பின் நீளவாக்கில் நேராக இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் விளிம்பு உருண்டுபோகும், ஒரே திசையில் இழுப்பது நல்லது. சில இழுப்புக்கு ஒருமுறை விளிம்பைப் பார்த்தால் புதிதாகத் தேய்ந்த இடம் பளிச்சென்று மின்னும், பள்ளம் இருந்த இடம் மட்டும் மங்கலாக நிற்கும். அந்த மங்கல் மறையும்வரைதான் வேலை. பிறகு 400, 600 என்று நைசுக்குப் போய், கடைசியில் தகட்டைப் படுக்கவைத்து லேசாக ஓர் இழுப்பு இழுத்தால் ஓரத்துப் பிசிர் போய்விடும். பிசிர் போய்விட்டதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். தேய்ந்த விளிம்பு சவரக் கத்தி மாதிரி கிழித்துவிடும். பழைய நைலான் துணியை விளிம்பில் ஓட்டுங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே பிசிர் பாக்கி.

கார்பனில் இந்த வேலை ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிறது. எவர்சில்வரில் அப்படி இல்லை. பேப்பர் வழுக்கும், அரம் வைத்தால் கடிக்காமல் சறுக்கும், பிசிர் உடைந்து விழாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மடங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் வரும். கீழே விழுந்து மூலை மடங்கிய எவர்சில்வர் கரண்டியை நேராக்கி, மறுபடி உருட்டி, வழுவழுப்பாக்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். முடியாது என்றில்லை. ஆனால் பொறுமை போய்விடும், அதனால் பெரும்பாலானோர் செய்வதில்லை. செய்யாத கரண்டி கோடு போட்டுக்கொண்டே இருக்கும், பழி ஆளின் கைமேல் விழும். ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று விற்கப்படுவது, நிஜத்தில் பராமரிக்கக் கஷ்டமானது என்றுதான் எனக்குப் படுகிறது.

அவசரத்துக்குச் சாணை மிஷினில் கொடுக்கலாமா? வேண்டவே வேண்டாம், இரண்டுக்கும்தான். கார்பன் தகடு பதம் ஏற்றிய எஃகு. சாணையில் விளிம்பு நீலமாக மாறினால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, பதம் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்தத் துண்டு வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், வில் போல் திரும்பாது. நீலம் பாய்ந்த தகட்டைக் கடைசிப் பூச்சுக்கு நம்ப முடியாது.

கார்பனுக்கு அன்றாடம் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் தவறவிடக்கூடாது. கலவை இறுகுவதற்கு முன் கழுவ வேண்டும். தகட்டின் முகத்தை எல்லோரும் கழுவுவார்கள், பின்புறம் கைப்பிடியைத் தாங்கும் முதுகுப் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடுக்கை யாரும் பார்ப்பதில்லை. பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று வாளியிலேயே கிடக்கட்டும். ஒட்டிய கலவையை இன்னொரு கரண்டியால் சுரண்டுவதும், கரண்டியைக் கலவை வைக்கும் பாண்டின் விளிம்பில் தட்டி உதறுவதும் விளிம்புக்கு எமன். கழுவிய பிறகு காய்ந்த துணியால் துடைத்து, மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுப் பரப்பி வைக்கலாம். சமையல் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுவென்று கோந்தாகிவிடும். மறுநாள் காலையில் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும். கடைசிப் பூச்சில் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. கரண்டியோடு வரும் பிளாஸ்டிக் உறை விளிம்பைக் காக்கும், ஆனால் ஈரத்தோடு போட்டால் அதுவே துருவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுக்கும்.

மேலோட்டமான துரு பெரிய விஷயமில்லை. எண்ணெய் விட்டு 400 எண் பேப்பரால் நீளவாக்கில் தேய்த்தால் போய்விடும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறலெல்லாம் பூச்சில் கோடாக வரும். துரு அரித்துப் புள்ளிப் பள்ளம் விழுந்துவிட்டால் அந்தத் தகட்டை அடிப்பூச்சுக்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான். இறுகிப்போன சிமெண்டை வினிகரில் ஊறவைத்து இளக்கலாம், பிறகு நன்றாக அலசி உடனே எண்ணெய் போட வேண்டும். இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார்பன் பழுக்கும். டைல்ஸ் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எதன் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். கார்பனை அரித்துவிடும். எவர்சில்வருக்கும் குளோரைடுதான் பரம விரோதி, பாதுகாப்புப் படலத்தை உடைத்து ஊசிக் குத்தாகக் குழி போடும்.

எவர்சில்வர்காரர்கள் செய்யும் இன்னொரு வேலை, இரும்புக் கம்பி நாரால் தேய்ப்பது. அந்த இரும்புத் துகள் தகட்டில் ஒட்டிக்கொண்டு தானே துருப்பிடிக்கும். “எவர்சில்வர் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்” என்ற புகாரில் கொஞ்சம் இதில் வந்தது. நைலான் நார் போதும்.

முதுகுப் பட்டையில் இரண்டும் ஒன்றுதான். பல கரண்டிகளில் அது அலுமினியம். ஈரச் சிமெண்டின் காரம் இரும்பைக் காக்கும், அலுமினியத்தையோ தின்னும். ரிவிட் தளர்ந்திருக்கிறதா என்று தெரிய, தகட்டை ஈரப்படுத்திக் கைப்பிடியைப் பக்கவாட்டில் லேசாக முறுக்குங்கள். பட்டையோரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்தால் உள்ளே ஆடுகிறது என்று அர்த்தம். தகட்டின் முகத்தைத் தட்டையான இரும்புக் கட்டியின் மேல் படியவைத்து, ரிவிட்டின் மறுமுனை பட்டைக்கு மேலே தெரிந்தால் அதை உருண்டை முனைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி இறுக்கலாம். ஓங்கி அடித்தால் முகத்தில் மேடு கிளம்பும். மறுமுனை பட்டைக்குள் மறைந்திருக்கும் வகையில் இது நடக்காது.

எவர்சில்வர் ஜெயிக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். வெள்ளை ஜிப்சம் கடைசிப் பூச்சுக்கு நானும் எவர்சில்வர்தான் எடுக்கிறேன். ஒரு துளி துரு பட்டாலும் வெள்ளையில் மஞ்சள் புள்ளியாக நிற்கும், காயக் காய அழுத்தித் தேய்க்கும்போது கார்பன் கருஞ்சாயம் விடுவதும் உண்டு. சுண்ணாம்பை மெருகேற்றித் தேய்க்கும் வேலையில் என் அனுபவம் குறைவு. செய்த கொஞ்சத்தில் எவர்சில்வரின் சாயம் குறைவாகத் தெரிந்தது, அதற்குமேல் அடித்துச் சொல்ல மாட்டேன். கரண்டியை மாதக்கணக்கில் தொடாமல் பெட்டியில் போடுகிறவருக்கும், நாலு பேர் கை மாறும் கருவிக்கும் எவர்சில்வரே சரி. பொதுக் கரண்டியை யாரும் துடைக்கப் போவதில்லை.

மரத்தேய்ப்புக் கட்டையைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அதற்கு இந்தச் சண்டையே கிடையாது. வேலைக்கு முன் நனைத்தால் பூச்சின் ஈரத்தை உறிஞ்சாது, முகம் குழிந்தால் இழைப்புளி போட்டு நேராக்கலாம். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள், வெடித்துவிடும்.

யாராவது தொழிலை விட்டுப் போகும்போது விற்கும் பழைய கார்பன் கரண்டி கிடைத்தால் புதுசைவிட அதையே முதலில் பாருங்கள். பழக்கும் வேலை முழுக்க முடிந்திருக்கும். கண்ணாடி இல்லாவிட்டால் அளவுகோலை விளிம்பில் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள், லேசான அலைக்குப் பயப்பட வேண்டாம். தகட்டை இரண்டு முனையிலும் பிடித்துக் கொஞ்சம் வளைத்து விடுங்கள், நேராகத் திரும்ப வேண்டும். விளிம்பில் நீலக் கறை, முகத்தில் குழி, ரிவிட்டைச் சுற்றி விரிசல் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெறும் துரு என்றால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.