காதல் கடிதத்தைத் திருத்தித் தரும் செயலி: இரண்டு மாத அனுபவம்

என் மனைவிக்கு இரவுப் பணி. நான் வீடு திரும்பும் நேரத்தில் அவள் கிளம்பிவிடுவாள். பேசுவதைவிட எழுதிக்கொள்வதுதான் எங்களுக்குள் அதிகம். அதனால்தான் காதல் செய்திகளை மெருகேற்றித் தரும் இந்தச் செயலியைப் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் நான் எழுதியது இது: "உன் கண்ணாடி மேசை மேலயே கிடந்துச்சு. துடைச்சு உறையில வச்சிருக்கேன். நீ இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கு." செயலி தந்தது: "உன் இன்மையை நான் ஆழமாக உணர்கிறேன்." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடியைக் காணோம். என் அன்பு அந்தக் கண்ணாடியைத் துடைத்ததில்தானே இருந்தது!

'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்று எழுதினால் 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று மாற்றிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. முதல் வாக்கியத்தில் 'நான்' என்ற எழுவாயே கிடையாது. 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். பிடித்துப்போவது நான் முனைந்து செய்கிற காரியம் இல்லை, எனக்கு நேர்ந்தது. அதைத்தான் அவளிடம் சொல்ல நினைத்தேன்.

இன்னொன்றை மன்னிக்கவே முடியவில்லை. "நாம சேர்ந்தே கிழடாகணும்" என்பது "நாங்கள் ஒன்றாக முதுமை அடைய வேண்டும்" என்று வந்தது. 'நாங்கள்' என்றால் கேட்பவருக்கு அதில் இடமில்லை. மனைவிக்கு எழுதும் கடிதத்தில் மனைவியையே வெளியே நிறுத்திவிட்டது. நல்லவேளை, அனுப்பும் முன் படித்தேன்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் திருக்குறளில் புலவி நுணுக்கம் அதிகாரத்தைப் பார்க்கலாம். 1316ஆம் குறளில் அவன் 'உன்னை நினைத்தேன்' என்கிறான். அப்படியானால் இடையில் ஏன் மறந்தீர் என்று ஊடுகிறாள் அவள். சொன்னது அன்பான சொல்தான்!

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். எழுதத் தொடங்கும் முன் செயலி ஒரு கேள்வி கேட்கிறது: 'இன்று அவர் உங்களுக்காகச் செய்த சின்ன விஷயம் என்ன?' இந்தக் கேள்விக்காகவே 5க்கு 2 மதிப்பெண் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் அதை மட்டும் படித்துவிட்டு, 'திருத்து' பொத்தானைத் தொடாமல் நானே எழுதுகிறேன்.

நேற்று அனுப்பியது: "நீ மடிச்சு வச்ச போர்வையைப் பிரிக்க மனசு வரல. அப்படியே தலைக்கு வச்சுப் படுத்துட்டேன்."

விடியற்காலையில் பதில் வந்திருந்தது: "பிரிச்சுப் போத்திக்கோ. குளிரும்."