வெளிநாட்டில் வாழ்ந்தவரின் இரத்தத்தை ஏற்பார்களா? தென் சென்னை இரத்த மையம் ஒன்றில் என் அனுபவம்

தென் சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்த மையத்தில் சென்ற மாதம் நான் முதன்முறையாக இரத்த தானம் செய்தேன். எனக்கு வயது 59. இத்தனை காலம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால், கொடுக்கப் போனபோது வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பதே பதில். என்னைப் போல் ஊர் திரும்பியவர்களுக்குப் பயன்படும் என்று அந்த மையத்தைப் பற்றி எழுதுகிறேன். சொல்வதற்கு ஒரு குறையும் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

1991 முதல் 1994 வரை மான்செஸ்டரில் வேலை பார்த்தேன். அதன் பிறகு நெடுங்காலம் நியூ ஜெர்சியில் இருந்தேன். அங்கே 2004-இல் அலுவலக முகாம் ஒன்றில் வரிசையில் நின்றபோது, 1980-க்கும் 1996-க்கும் இடையில் பிரிட்டனில் மொத்தம் மூன்று மாதங்களோ அதற்கு மேலோ தங்கியவர் இரத்தம் கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோயுற்ற மாட்டின் இறைச்சியை உண்பதால் வரும், மேட் கவ் எனும் மாட்டு மூளை நோய் மனிதரிடம் எடுத்த வடிவம் இரத்தத்தின் வழியே பரவலாம், கொடையாளர்களிடம் அதைக் கண்டறியும் வழக்கமான சோதனையும் இல்லை என்பது காரணம். நான் பிறவியிலேயே சைவம் என்று சொல்லிப் பார்த்தேன். படிவத்தில் சைவத்துக்குக் கட்டம் இல்லை. என் மனைவியின் கதை இன்னும் வேடிக்கையானது. இந்தியா மலேரியா உள்ள நாடு என்பதால், ஊருக்கு வந்து திரும்பியவர் ஓராண்டு கொடுக்கக் கூடாது என்பது அன்றைய அமெரிக்க விதி. 2020-இல் தான் அது மூன்று மாதமாகக் குறைந்தது. ஆண்டுதோறும் மே மாதம் மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்கு வரும் அவளுக்கு அந்த ஓராண்டு முடிந்ததே இல்லை.

சென்னைக்குக் குடிவந்த பின் இந்த மையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர், "ஃபாரின்ல இருந்திருந்தா எடுக்க மாட்டோம் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எந்த நாடு, எந்த ஆண்டு என்று ஒரு கேள்வியும் இல்லை. நேரில் போய்க் கேட்டால்தான் தெளியும் என்று மனைவி பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. நான் சொல்ல வந்த குறை இதுதான்: ஒரே மையத்தில் தொலைபேசிக்கு ஒரு விதி, மருத்துவர் அறைக்கு வேறு விதி இருக்கக் கூடாது.

நேரில் கிடைத்த கவனிப்போ முற்றிலும் வேறு. பணியில் இருந்த பெண் மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு, நான் வாழ்ந்த நாடுகளையும் ஆண்டுகளையும் வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்திய வழிகாட்டுதலில் பிரிட்டனுக்கென்று ஆண்டுக் கணக்கு எதுவும் தனியாகச் சொல்லப்படவில்லை என்றும், இரத்தத்தின் வழியே பரவக்கூடிய, இங்கே சோதனை கட்டாயமில்லாத நோய்கள் நிலைகொண்ட பகுதியில் வாழ்ந்தவரையோ பயணம் செய்தவரையோ ஏற்கக் கூடாது என்ற பொது விதியே இருப்பதாகவும், அதை ஒவ்வொருவருக்கும் பொருத்திப் பார்ப்பது தம் பொறுப்பு என்றும் விளக்கினார். பிரிட்டனில் எனக்கு இரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று இரண்டு முறை கேட்டார். 1980-க்குப் பிறகு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களை அந்த நாடே இன்றும் கொடையாளராக ஏற்பதில்லையாம். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனில் தங்கியவர்கள் மீதான விலக்கை 2022-இலேயே நீக்கிவிட்டதையும் அவர் அறிந்திருந்தார். எல்லாம் முடிந்து கையெழுத்திடும்போது, "அறுபது தாண்டியிருந்தா முதல் தடவை கொடுக்க விடமாட்டோம் சார், நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். ஏற்கெனவே கொடுத்துப் பழகியவர்களுக்கு 65 வரை அனுமதி உண்டு. எனக்கு மிச்சம் இருந்தது சில மாதங்கள்.

மலேரியாவைப் பற்றி மனைவி கேட்டாள். சென்னையில் இருந்துகொண்டு மலேரியாப் பகுதியில் வசிப்பவரை விலக்கினால் யாரிடம் எடுப்பது என்று மருத்துவர் சிரித்தார். மலேரியா வந்து குணமானவரை மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வதும், சேகரித்த ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ் ஆகியவற்றோடு மலேரியாவுக்கும் சோதிப்பதும்தான் இங்குள்ள வழி. எங்களுக்குப் பின்னால் நின்ற இளைஞர் கென்யா போவதற்காகக் கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு ஒரு வாரமே ஆகியிருந்தது. 28 நாள் கழித்து வரச் சொல்லி அவரை அனுப்பினார்கள்.

ஹீமோகுளோபின் பார்க்க இந்த மையத்தில் இன்னும் நீலநிறக் காப்பர் சல்பேட் கரைசலைத்தான் வைத்திருக்கிறார்கள். என் விரலில் இருந்து விழுந்த துளி சட்டென்று அடிக்கு இறங்கியது. மனைவியின் துளி பாதி வழியில் தயங்கி நின்று, மெல்ல மேலே ஏறியது. துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் போதிய அளவு இருக்கிறது என்று பொருள்; டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருந்தால்தான் எடுப்பார்கள். அமெரிக்காவில் சென்னை தடுத்தது, சென்னையில் இரும்புச்சத்து தடுத்தது என்று அவள் முனகிக்கொண்டே வெளியே போய் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுதிக் கொடுத்த உணவுக் குறிப்பில் முருங்கைக்கீரை இரண்டு இடத்தில் இருந்தது.

ஊசி ஏற்றியவரின் கை நேர்த்தியானது. 350 மில்லி எடுத்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிஸ்கட்டும் பழச்சாறும் கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். காத்திருக்கும் அறையில் மின்விசிறி ஒன்றுதான் ஓடியது.

போகிறவர்கள் எந்த நாட்டில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்பதையும், போட்ட தடுப்பூசிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தொலைபேசியை நம்பாமல், மருத்துவர் இருக்கும் முற்பகலில் நேரில் செல்லுங்கள். ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி. என் அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்; அதற்குள் 12.5-ஐத் தொட்டுவிடுவதாக மனைவி சொல்லியிருக்கிறாள்.